உப்புக்காற்றும் நம் வீட்டு எர்த் ஒயரும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



"வீட்டுச் சாமான் ரிப்பேர் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். பத்து நிமிஷத்தில் நான் முடிக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். காபி வருகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எலக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரும் மல்டி மீட்டரும் கையில் இருப்பதால் ஒரு வீட்டில் மிக்சி நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. அதில் எனக்குச் சந்தோஷமே. போன வருஷம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த புகார்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஏசியில் குளிர் வரவில்லை. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது. கெய்சர் போட்டால் மெயின் ட்ரிப் ஆகிறது. போன் சார்ஜ் ஏறவில்லை. டிவியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. பார்த்தால் எல்லாம் வேறு வேறு மாதிரி இருக்கும். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: உப்பு.

நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் நம் ஜன்னலுக்கு வருகிறது, வாடை திரும்பினால் வடகடல் வருகிறது. வருஷம் முழுக்க ஏதோ ஒரு கடலின் தூவானம் நம் சுவரில் படிந்துகொண்டே இருக்கிறது. உப்பு படிந்தால் துடைத்தால் போச்சு என்று நினைக்கிறோம். அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆக, இங்கே ஒரு இரும்பு ஆணி மழையே இல்லாத சித்திரையிலும் ராத்திரி முழுக்க நனைந்துதான் கிடக்கிறது. அதுவும் மின்சாரம் கடத்துகிற தண்ணீரில்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகம் எப்படி அரிக்கிறது என்பதை ஆராய மண்டபத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. துருவைப் படிக்க இந்தக் கரைக்கு வருகிறார்கள். நாமோ இதே கரையில் ஏசியை மாட்டிவிட்டு மதுரையில் மாட்டின மாதிரி மறந்துவிடுகிறோம்.

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பது என்பது முடிவே இல்லாத வேலையாக இருந்தது. கடைசியில் துரு தூக்குப் பகுதியை வலுவிழக்கச் செய்ததால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் என்ன செய்திருக்கிறார்கள்? கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அரிப்பைத் தாங்குகிற பாலிசிலாக்சேன் பூச்சு, இணைப்புகளெல்லாம் முழுக்கப் பற்றவைத்தவை. அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். துரு எப்போதும் இணைப்பில்தான் ஆரம்பிக்கும். இரண்டு உலோகம் சேருகிற இடம், போல்ட் இறுக்கின இடம், ஒயரை முறுக்கின இடம். இப்போது சொல்லப்போகிற கதைக்கு இதுதான் முக்கியம்.

கதை எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாம் மாடி. பால்கனியில் வாஷிங் மெஷின். அதைத் தொட்டால் லேசாக விறுவிறு என்று இருக்கிறது என்று என் மனைவி சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "கடல் பக்கம் அப்படித்தான் சார் இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொல்லுங்கள்" என்றார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மீட்டர் வைத்திருக்கிற நானும் சும்மாதான் இருந்தேன். எங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது, எது நடந்தாலும் அது இறங்கிவிடும் என்ற தைரியம்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா துணியை எடுக்க மெஷின் மூடியைத் தொட்டவர் "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டுப் பின்னால் விழுந்தார். தரை ஈரம், கால் வெறுங்கால். நல்லவேளை, விழுந்ததில் கை விலகிவிட்டது. பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு கைப்பிடி அங்கே இருந்திருந்தால் நான் இன்று இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முழங்கையில் அடி, அரை மணி நேரம் உடம்பு நடுக்கம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஈசிஜி எடுத்துப் பார்த்தோம். ஷாக் அடித்தவரை, எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இதயத் துடிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் ஆர்சிசிபி இறங்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

திரும்பி வந்து மெஷினின் சுவிட்சை அணைத்தேன். மீட்டரை வைத்தேன். உடம்பில் மின்சாரம் அப்படியே இருக்கிறது. 200-ஐத் தாண்டிக் காட்டுகிறது. எங்கள் வீட்டு மெயினையே இறக்கினேன். அப்போதும் இருக்கிறது! பிளக்கைப் பிடுங்கினேன். போய்விட்டது. சுவரில் இருக்கிற சாக்கெட்டின் மேல் ஓட்டையில், அதாவது எர்த் ஓட்டையில், மீட்டரை வைத்தால் அங்கே 200 வோல்ட் நிற்கிறது. நம்மைக் காப்பாற்ற வேண்டிய ஒயர் வழியாகவே மின்சாரம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு "ஒரு நிமிஷம் மெயினை இறக்குங்கள்" என்று கேட்டேன். காலை நேரம், எல்லாருக்கும் எரிச்சல். மூன்றாம் மாடி டீச்சர் வீட்டு மெயினை இறக்கியதும் மீட்டரில் எண் விழுந்தது. அவர்கள் வீட்டில் அப்போதுதான் கெய்சர் போட்டிருந்தார்கள். உள்ளே ஹீட்டர் காயிலின் உறை அரித்து ஓட்டையாகி, பேஸ் ஒயர் நேராகக் கெய்சரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் நான் சொல்லச் சம்மதித்ததால் சொல்கிறேன்: அவர்கள் வீட்டிலும் ஆர்சிசிபி இருந்தது. ஆனால் அது நாலு மாதமாக அடிக்கடி இறங்கிக்கொண்டிருந்ததால், "கோளாறாப் போச்சு, பைபாஸ் பண்ணிடலாம்" என்று ஒருவர் ஒயரை நேரே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சின்னப் பெட்டி நாலு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது, கெய்சர் கெட்டுவிட்டது என்று. அதன் வாயை அடைத்துவிட்டோம்.

சரி, கெய்சர் அவர்கள் வீட்டில் கெட்டது, ஷாக் எங்கள் வீட்டில் ஏன் அடித்தது? நம் பிளாக்கில் எல்லா வீட்டு எர்த் ஒயரும் கீழே ஒரே கம்பியில் சேர்ந்து, பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கிற எர்த் குழிக்குள் போகிறது. குழிக்குள் ஜிஐ பைப், அதன் தலையில் ஒரு கிளாம்ப், கிளாம்பில் ஒயர். மூடியைத் தூக்கிப் பார்த்தோம். கிளாம்ப் என்று ஒன்று இல்லை. தொட்டால் பொடியாக உதிர்கிறது. ஒயர் தனியாக, பைப் தனியாக நின்றது. அதாவது மொத்தப் பிளாக்குக்கும் எர்த் இல்லை. எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும்? எல்லா வீட்டு ஃபிரிட்ஜ், மெஷின், மிக்சி உடம்புகளும் ஒன்றோடொன்று ஒயரால் கட்டப்பட்டு, தரையோடு மட்டும் தொடர்பில்லாமல் இருந்தன. யார் வீட்டில் கசிந்தாலும் எல்லார் வீட்டுக்கும் வரும்.

என் ஆர்சிசிபி ஏன் இறங்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. அது என்ன செய்கிறது? பேஸில் உள்ளே போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. 0.03 ஆம்பியர் குறைந்தால்கூட, யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். எம்சிபி இதைச் செய்யாது. எம்சிபிக்கு 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் உறைக்கும். ஒரு ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். ஆனால் அன்று அந்த அம்மாவின் உடம்பில் போன மின்சாரம் டீச்சர் வீட்டு மீட்டர் வழியாகக் கிளம்பி, எர்த் ஒயரில் இறங்கி, எங்கள் மெஷினுக்கு வந்தது. என் ஆர்சிசிபி வழியாக அது வரவே இல்லை. அதற்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்திருக்க வேண்டியது டீச்சர் வீட்டு ஆர்சிசிபி. என் வீட்டுப் பெட்டி உங்களைக் காப்பாற்றுகிறது, உங்கள் வீட்டுப் பெட்டி என்னைக் காப்பாற்றுகிறது. தனி வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அபார்ட்மெண்டில் ஒருவர் பைபாஸ் செய்தால் அது அவர் சொந்த விஷயம் ஆகாது. இதைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.

அந்த முதல் இரண்டு மாத விறுவிறுப்பு எங்கிருந்து வந்தது என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போன்றவற்றில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். அது எப்போதும் மிகக் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு விடும். எர்த் சரியாக இருந்தால் நமக்குத் தெரியாது. எர்த் அறுந்தால் உடம்பில் 100 வோல்ட் சுமாருக்கு நிற்கும், தொட்டால் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். அந்த அளவு மின்சாரத்தால் ஆபத்து இல்லை. ஆனால் "எர்த் போய்விட்டது" என்று அது சொல்கிற சேதி இருக்கிறதே, அதைக் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டோம். இனிமேல் யார் வீட்டில் அந்த விறுவிறு வந்தாலும் அன்றைக்கே குழுவில் போடுங்கள். ராத்திரி பத்து மணி ஆனாலும் பரவாயில்லை.

ஆர்சிசிபி அடிக்கடி இறங்கினால் என்ன செய்வது? வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, எம்சிபியை இறக்கினாலும் போதாது. நம் வீடுகளில் அவை பேஸை மட்டும்தான் வெட்டுகின்றன, நியூட்ரல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் உள்ளே தொட்டுக்கொண்டாலும் ஆர்சிசிபி இறங்கும். கழற்றிய பிறகு அதைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் வீடுகளில் பார்த்த வரை முதல் சந்தேகம் கெய்சர், இரண்டாவது ஏசியின் அவுட்டோர் யூனிட், மூன்றாவது பால்கனியில் மழையும் காற்றும் படுகிற சாக்கெட். எல்லாவற்றையும் கழற்றின பிறகும் விழுந்தால் சுவருக்குள் ஒயரிங்கில் ஈரம். அதற்கு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. அது உங்களை ஒரு பல்பு என்று நினைத்துக்கொள்ளும்.

கெய்சரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. ஹீட்டர் மேல் ஓடு கட்டி, சூடு வெளியே போக முடியாமல் உறை வெடிக்கிறது. தொட்டிக்குள் ஆனோடு என்று ஒரு மக்னீசியம் குச்சி இருக்கும். தண்ணீர் முதலில் அதைத் தின்னட்டும், தொட்டியைத் தின்ன வேண்டாம் என்று வைப்பது. கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி வைக்கிறார்களே, அதே ஏற்பாடு. அது கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்தது தொட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வருகிறவர்கள் கேட்டால்தான் செய்வார்கள். தண்ணீர் சூடானதும் அணைத்துவிட்டுக் குளியுங்கள். இதை என் மனைவி முப்பது வருஷமாகச் சொல்கிறார், கேட்காதவன் நான்தான்.

இங்கே பழைய வேலை ஞாபகம் ஒன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி இருக்கும். கார் பேட்டரியில் மைனஸைத்தான் உடம்போடு சேர்ப்பார்கள். எக்ஸ்சேஞ்சில் பிளஸ் முனையைத்தான் எர்த்தோடு சேர்ப்போம். காரணம், ஈரத்தில் கிடக்கிற செப்புக் கம்பி தரையைவிட மைனஸாக இருந்தால் அரிக்காது. மாற்றிக் கொடுத்தால் கேபிள் கரைந்து போய்விடும். அந்தக் காலத்து ஆட்கள் துருவை எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். சரி, ஏசிக்கு வருகிறேன், செயலாளர் மணியைப் பார்க்கிறார்.

அவுட்டோர் யூனிட்டின் பின்னால் இருக்கிற காயிலில் செப்புக் குழாய் ஓடுகிறது, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக. செப்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இடையில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம். இரண்டு மூன்று வருஷத்தில் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்வதைப் பார்க்கலாம். தகடு போனால் சூடு வெளியேறாது, கரண்ட் பில் ஏறும், கம்ப்ரசர் திணறும். கேஸும் ஒரு நாள் கசியும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்கிற பொருள் அல்ல. மூடின குழாய்க்குள் சுற்றுவது. வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறீர்கள் என்றால் வருஷா வருஷம் ஓட்டைக்குக் காசு கொடுக்கிறீர்கள். ஓட்டை எங்கே என்று நைட்ரஜன் அடைத்துப் பார்த்து, அடைத்து, வாக்யூம் பம்ப் போட்டு, பிறகு தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றால் அந்த ஆளுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். ஏசியையும் அதன் எம்சிபியையும் அணைத்துவிட்டு, பூவாளியில் ஊற்றுகிற வேகத்தில் காயில் மேல் மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். கார் கழுவுகிற பிரஷர் குழாய் வேண்டாம், தகடு மடங்கிவிடும். ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் வேண்டாம். காற்று பலமாக அடிக்கிற மாதங்களில் மாதம் ஒரு தடவை போதும். எந்தத் தண்ணீர் என்பதில்தான் தப்பு செய்கிறோம். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கதை. குழாயில் வருகிற குடிநீரைப் பயன்படுத்துங்கள். நம் பிளாக்கில் ஒருவர் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைப் பிடித்து வைத்து ஏசியைக் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்ஓ வடித்து ஒதுக்கின உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைக் கக்கூஸுக்கு ஊற்றுங்கள், ஏசி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பால்கனியிலிருந்து கை எட்டாத யூனிட்டை நீங்களே கழுவப் பார்க்காதீர்கள். எட்டிக் கழுவப் போய் விழுந்தால் ஏசியை விட உங்களைச் சரிசெய்வது கஷ்டம். யூனிட் உட்கார்ந்திருக்கிற இரும்பு ஸ்டாண்டையும் அதன் போல்ட்டையும் ஒரு தடவை எல்லாரும் பாருங்கள். ஏ பிளாக்கில் ஒரு ஸ்டாண்டின் போல்ட் பாதிதான் மிச்சம் இருந்தது. அதற்கு நேர் கீழேதான் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். போல்ட்டை மட்டும் துருப்பிடிக்காத ஸ்டீலில் மாற்றினால்கூடப் போதும், செலவு அதிகமில்லை.

அடுத்தது நியூட்ரல். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சில வீடுகளில் பல்பு தீபாவளி மாதிரி எரிந்தது, சில வீடுகளில் மங்கியது, ஞாபகம் இருக்கும். இரண்டு டிவி, ஒரு ஃபிரிட்ஜ் போர்டு போனது. நம் பேனலில் நியூட்ரல் சேருகிற இடம் பச்சை பிடித்துக் கழன்றிருந்தது. மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால், 230 வர வேண்டிய வீட்டுக்கு 300, 350 என்று ஏறும், இன்னொரு வீட்டுக்கு இறங்கும். எந்த வீட்டில் குறைவாகச் சாமான் ஓடுகிறதோ அந்த வீடுதான் அடி வாங்கும். சிக்கனமாக இருந்தவருக்குத் தண்டனை! விளக்கு திடீரென்று பளிச்சென்றோ மங்கலாகவோ ஆனால் காரணம் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். அப்புறம் வாட்ச்மேனுக்குப் போன். வெளிப்பக்கக் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள்.

போன் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏறவில்லை என்றால் புது சார்ஜர் வாங்குவதற்கு முன்னால் டார்ச் அடித்து அந்த ஓட்டைக்குள் பாருங்கள். பச்சையாகவோ பஞ்சாகவோ ஏதாவது இருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். ஈரக் கையோடு சார்ஜ் போடாதீர்கள், உப்பு ஈரத்தில் கரண்ட் போனால் அந்தப் பின்கள் மளமளவென்று அரிக்கும். தனுஷ்கோடிக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் அலையில் நின்று போட்டோ எடுக்கிறோம். "தண்ணீர் புகாத போன்" என்று விற்கிறார்களே, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடல் தண்ணீரில் அல்ல. அப்படிப்பட்ட போன் கடலில் விழுந்தால் அணைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஃபேன் காற்றில் காய விடுங்கள். சாதாரண போன் என்றால் அணைத்துத் துடைத்து அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது, தூசிதான் உள்ளே போகும்.

தனுஷ்கோடி என்றதும் இளைஞர்கள் கேட்டது: அங்கே போனதும் இலங்கை நெட்வொர்க் காட்டுகிறதே, காசு போய்விடுமா என்று. தலைமன்னார் கடல்வழியாக முப்பது கிலோமீட்டர் சுமார்தான், டவர் சிக்னலுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. செட்டிங்கில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்தி, உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஊரில் சிக்னல் இல்லை என்று என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.

கடைசியாகச் சர்வீஸ். புது ஏசி, ஃபிரிட்ஜ் வாங்கும்போது வாரண்டி அட்டையில் துரு, அரிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கடையிலேயே படியுங்கள். பல கம்பெனிகள் அதை விலக்கித்தான் வைத்திருப்பார்கள். "கடலோரத்துக்கு வாங்குகிறேன்" என்று சொல்லி, காயிலுக்குப் பூச்சு உள்ள மாடலைக் கேளுங்கள். சர்வீஸுக்கு வருகிறவரிடம் ஜாப் ஷீட் வாங்குங்கள், மாற்றின பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், பில் இருக்க வேண்டும். பில்லை இன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வையுங்கள், அந்தப் பளபளப்புக் காகிதத்தில் எழுத்து ஆறு மாதத்தில் மறைந்துவிடும்.

சர்வீஸ் நம்பரை இணையத்தில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள். நம் குடியிருப்பிலேயே ஒரு பெரியவர் ஃபிரிட்ஜுக்காக அப்படிக் கூப்பிட்டு, அவர்கள் சொன்ன ஆப்பை இறக்கி, "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம்" கட்டப் போய்ப் பெரிய தொகையை இழந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மெசேஜ் வந்து ஒரு நிமிஷம் கை போனது. சாமானோடு வந்த புத்தகத்தில் இருக்கிற நம்பர்தான் நம்பர். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

சங்கத்திடம் நான் கேட்பது மூன்று. ஏ, பி இரண்டு பிளாக்கிலும் எர்த் குழியைப் புதிதாகப் போட வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். கிளாம்பும் போல்ட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும், மேலே கிரீஸ் தடவி வைக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, மண் காய்ந்து கிடக்கிற கோடையில், எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, எண்ணைப் பம்ப் ரூம் சுவரில் எழுதி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண்ணாகத்தான் வரும், அது நம்மை ஏமாற்றும். மூன்றாவது, ஆர்சிசிபி இல்லாத வீடும் பைபாஸ் செய்த வீடும் எத்தனை என்று கணக்கெடுக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருக்கிற உரிமையாளர்கள் வெளியூரில் இருந்தாலும் அவர்களிடம் பேசி மாட்ட வைக்க வேண்டும். பராமரிப்புத் தொகை ஏறும் என்று முணுமுணுப்பு கேட்கிறது. லிஃப்டுக்குள் கண்ணாடி மாட்டப் போன வருஷம் எவ்வளவு ஆயிற்று என்று பொருளாளரைக் கேளுங்கள்.

அந்த அம்மா மறுபடி வேலைக்கு வருகிறார். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் இன்னமும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் முதலில் கையை வைத்துக் காட்டுகிறேன், பிறகுதான் அவர் துணியை எடுக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மெயின் பெட்டியைத் திறந்து, ஆர்சிசிபியில் 'டி' என்று போட்டிருக்கிற சின்னப் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று கீழே விழுந்தால் நல்லது, தூக்கிவிட்டுவிட்டுப் படுக்கலாம். இந்தச் செய்திமடல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, அது வருகிற அன்றைக்கெல்லாம் ஒரு தடவை அழுத்துங்கள். விழாத வீட்டுக்காரர்களும், அப்படி ஒரு பட்டனே இல்லாத வீட்டுக்காரர்களும் இன்று ராத்திரியே என்னிடம் பெயர் கொடுங்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார், மூன்றாம் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறோம். காபி வந்துவிட்டது.